பதினொரு வாரக் குடிகாரி

என் எண்பத்தோரு வருஷ வாழ்க்கையில் பதினொரு வாரம் நான் குடிகாரியாக இருந்தேன். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. ஆனால் பூனா கேம்ப்பில் எட்டுப் பேர் அதை நம்பினார்கள், கிர்க்கியில் எங்கள் லைன் வீடுகள் முழுக்க நம்பின, கடைசியில் நானே பாதி நம்பிவிட்டேன். "நான் இல்லை" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே எல்லாம் முடிந்திருக்கும். அந்த இரண்டு வார்த்தைதான் எனக்கு வாயில் வரவில்லை. (காய்க்காரன் அழுகின தக்காளியைப் போட்டாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நான். வீட்டுக்கு வந்து பையோடு சண்டை போடுவேன்.)

அறுபத்துமூன்றோ நாலோ இருக்கும். என் மகள் ரேவதி அப்போது கைக்குழந்தை. நாங்கள் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்கள். என் வீட்டுக்காரருக்குப் பூனாவை ஒட்டின கிர்க்கியில் ஃபேக்டரி வேலை, குடியிருக்க ஃபேக்டரி லைனில் ஒரு வீடு. அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். எழுதவும் வரவில்லை, பேனா அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. முருகனுக்கு எத்தனை முகம் என்று எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் லைன் பெண்கள் யாருமே புருஷன் பெயரைச் சொல்ல மாட்டோம். ரேஷன் கடையில் கிளார்க் மராத்திக்காரர். முதலில் திட்டினார், பிறகு பழகிவிட்டார். நான் ஆறு விரலைக் காட்டி முகத்தைத் தொட்டால் எங்கள் கார்டை எடுத்துவிடுவார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா ஏழு விரலைக் காட்டி, தலைக்கு மேலே மலை மாதிரி கையைக் குவிப்பாள். அவள் கார்டும் வந்துவிடும். இது ஊர் உலகத்துக்கே தெரிந்த பாஷை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகாராஷ்டிரத்தில் அப்போது மதுவிலக்கு. சட்டப்படி பார்த்தால் பூனாவில் ஒரு குடிகாரர்கூடக் கிடையாது. என் வீட்டுக்காரர் சட்டத்துக்குத் தெரியாமல் இருந்தவர்களில் ஒருவர். சாயங்காலம் வேலை விட்டதும் எங்கோ போவார், வாய் நிறைய பான் போட்டுக்கொண்டு வருவார். ஆனால் எந்தப் பானும் மறுநாள் காலை ஃபேக்டரி கேட்டில் நிற்கிறவர் மூக்கை ஏமாற்றவில்லை. இரண்டு தடவை வாசனை வந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை பிடித்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும் என்று ஃபோர்மன் சொல்லிவிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்கு ரயிலேற வேண்டியதுதான். அங்கே எங்களுக்காக யாரும் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை.

டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்த தேவராஜ் அண்ணன்தான் வழி சொன்னார். குழந்தைக்கு மருந்து வாங்கப் போனபோது மெதுவாக, "தங்கச்சி, கேம்ப்ல ஒரு சர்ச்சுக்குப் பின்னாடி ரூமு. வியாழக்கெழம சாயந்தரம் கூட்டம் போடறாங்க. எல்லாம் குடிச்சிக் கெட்டு, அப்புறம் விட்டவங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பேசியே நிறுத்துறாங்களாம். உங்க ஊட்டுக்காரர இட்டுக்கினு போ" என்றார்.

சர்ச் பெயர் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வீட்டில் சொன்னேன். அவர் குதித்தார்.

"நான் இன்னா குடிகாரனா? சம்பளத்தக் கொண்டாந்து உன் கையில குடுக்கறனா இல்லியா?"

"குடுக்கறீங்க. அதுக்கில்லீங்க..."

"வேணும்னா நீ போய் ஒரு தடவ பாத்துட்டு வா. ஆளுங்க எப்படி, எடம் எப்படின்னு. நல்லா இருந்தா நான் வரேன்."

ஏதோ வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு வரச் சொல்வதுபோலச் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை குழந்தையைக் கன்னியம்மா அக்காவிடம் விட்டுவிட்டு, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லி பஸ் ஏறினேன்.

கேம்ப் என்றால் பழைய வெள்ளைக்காரப் பட்டாளப் பேட்டை. இறங்கினால் திரும்பின பக்கமெல்லாம் ஒரு சர்ச். முதல் சர்ச்சுக்குப் பின்னால் பாதிரியார் வீட்டுத் துணி காய்ந்துகொண்டிருந்தது. யாரையாவது கேட்கலாம் என்றால் எப்படிக் கேட்பது? அரை மணி நேரம் தைரியத்தைச் சேர்த்து, ஒரு டாங்கா குதிரைவண்டிக்காரர் கிட்டே போய், எனக்குத் தெரிந்த பஜார் இந்தியில், குடிக்கிற ஆட்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்து, குரலை இறக்கி, அதோ அந்தச் சந்து, பச்சைக் கதவு, இரண்டு தட்டு தட்டு, நான் அனுப்பினேன் என்று சொல் என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று கும்பிட்டுவிட்டுப் போனேன். கதவுக்குப் பத்தடி முன்னாலேயே என் வீட்டுக்காரர் சட்டையின் வாசனை அடித்தது. அப்போதுதான் புரிந்தது. செருப்பு ஒன்று கழன்றது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஓடி நின்ற இடத்தில் இன்னொரு சர்ச். பின்பக்கம் ஒரு அறையில் வயதான ஆங்கிலோ இந்தியத் துரை ஒருவர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார். கோட்டு, தொப்பி, பாலிஷ் போட்ட பூட்ஸ். உள்ளே ஏழு ஆண்கள் சலவைச் சட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களா குடிகாரர்கள்? பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அல்லவா இருக்கிறார்கள் என்று திரும்பிப் போகப் பார்த்தேன். துரை பார்த்துவிட்டார். பயப்படாதே, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாய் என்று இந்தியில் சொல்லி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இவர்தான் டிசோசா துரை. ரயில்வேயில் கார்டாக இருந்து பென்ஷன் வாங்கியவர்.

"நாம் கியா ஹை?" என்றார். பெயர் என்ன?

யாருக்கு வியாதியோ அவர் பெயரைத்தானே கேட்பார்கள்? டிஸ்பென்சரியில் அப்படித்தானே? நான் ஆறு விரலைக் காட்டி, முகத்தைத் தொட்டேன்.

துரை கண் விரிந்தது. "சே கிளாஸ்?" ஆறு கிளாஸா என்று பக்கத்து ஆளைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ரோஜ்?" தினமுமா?

தினமும் குடிக்கிறாரா என்று கேட்கிறார் என நினைத்து, ஆமாம் என்று தலையாட்டினேன். ஏழு பேரும் உச்சுக்கொட்டினார்கள். இவ்வளவு சின்னப் பெண், ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ்! துரை ரொம்பக் கனிவாக, உன் பெயர் என்னம்மா என்றார். அதைச் சொல்ல எனக்கென்ன தடை? "ராஜம்மா" என்றேன்.

ஆக, ராஜம்மா, ஆறு கிளாஸ்.

அதற்குமேல் நடந்தது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தப்பு. ஒவ்வொருவராக எழுந்து, இங்கிலீஷில் ஒரே மாதிரி ஒரு வரி சொன்னார்கள். "மை நேம் இஸ்" என்று ஆரம்பித்து, பெயரைச் சொல்லி, "ஐ யாம் அன் ஆல்கஹாலிக்" என்று முடித்தார்கள். சர்ச் இல்லையா, ஜெபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்த ஐந்து வருஷமும் நான் கற்றுக்கொண்டது, முன்னால் இருப்பவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் அடி விழாது என்பதுதான். என் முறை வந்ததும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றி, முழுசாக ஒப்பித்தேன். என் வாழ்க்கையில் நான் சபையில் பேசிய முதல் பேச்சு அது. கை தட்டினார்கள். (எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.)

துரை கேட்டதும் விலாசத்தையும் சொல்லிவிட்டு வந்தேன். நோயாளியைப் பார்க்க வருவார்கள் என்றுதானே நினைத்தேன்.

வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிசோசா துரையும், கூட்டத்தில் பார்த்த ஷிண்டே என்ற மராத்திக்காரரும் எங்கள் லைனுக்குள் நுழைந்தார்கள். தொப்பி போட்ட துரையைப் பார்த்ததும் லைனே வெளியே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஃபேக்டரி ஆள் என்று நினைத்துச் சட்டைப் பித்தானை மேலும் கீழும் மாற்றிப் போட்டுக்கொண்டு சல்யூட் வைத்தார்.

துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீ பொறுமைசாலி, இப்படி ஒரு மனைவியை வைத்துக் குடும்பம் நடத்துவது சாமானியம் இல்லை, ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ், ஆனாலும் தானாகவே எங்களைத் தேடி வந்தாளே, அந்தத் தைரியம் யாருக்கு வரும் என்று இந்தியில் அடுக்கினார். மூன்று வீடு தள்ளியிருந்த ஃபேக்டரி டைம்கீப்பர் வரை கேட்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "இன்னாடி சொல்றாரு இந்த ஆளு? ஆறு கிளாஸா? யாரு?"

"அது... உங்க பேருங்க" என்றேன்.

"எம் பேரா!"

அதற்குள் துரை உள்ளே வந்துவிட்டார். எங்கே ஒளித்து வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், முப்பது வருஷ அனுபவம் என்று சொல்லிக்கொண்டே நேராக அரிசி டின்னுக்குப் போய், கோட்டுக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரை விட்டார். பாட்டில் வந்தது. அந்த டின்னில் நான் தினமும் அரிசி அளக்கிறேன், எனக்கே தெரியாது!

வாசலில் கன்னியம்மா அக்கா குழந்தையோடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் டைம்கீப்பர். ஷிண்டே பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, இது யாருடையது என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், டைம்கீப்பரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"அவளுதுதான் சார்."

என்னுடையது என்றால் லைன் சிரிக்கும், அவ்வளவுதான். அவருடையது என்றால் திங்கட்கிழமை கேட்டில் பெயர் அடிபடும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததே போதும், லைன் முழுக்க அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டது. ஷிண்டே பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தார். அது போவதை என் வீட்டுக்காரர் பாடை போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போகும்போது துரை அவருக்கு உத்தரவு போட்டார். ஒவ்வொரு வியாழனும் நீயே கூட்டிக்கொண்டு வர வேண்டும். வீட்டில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. நீயும் தொடக் கூடாது, உன் மேல் வாசனை வந்தால் இவள் மனசு கெட்டுவிடும்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினார். "பாத்துட்டு வாடின்னு அனுப்புனனா, சேந்துட்டு வாடின்னு அனுப்புனனா?"

"பேர் கேட்டாங்க..."

"உன் வாயில இன்னா கொழுக்கட்டையா? என் பேர சொன்னா நாக்கு அறுந்துடுமா?"

"நீங்க மட்டும்? 'என்னுது'ன்னு சொன்னா உங்களுக்கு அறுந்துடுமா?"

கல்யாணமாகி நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு நானே பயந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் நான் லைனின் நோயாளி. காலையில் ஒரு வீட்டிலிருந்து மோர் வரும், சாயங்காலம் இன்னொரு வீட்டிலிருந்து எலுமிச்சம்பழம் வரும். குழாயடியில் எனக்கு வரிசை கிடையாது, "பாவம், அதுக்கு முடியாது, மொதல்ல புடிக்கட்டும்" என்று வழி விடுவார்கள். ஒரு நாள் கன்னியம்மா அக்கா உள்ளே வந்து கதவை ஒருக்களித்துவிட்டு, "ஏம்மே, சும்மா கேக்கறேன், யாராண்டயும் சொல்லாத. அது எப்படி இருக்கும்? புளிப்பா, கசப்பா?" என்றாள். தெரியாது என்றால் நம்புவாளா? "கொஞ்சம் கார்ப்பா இருக்கும்க்கா" என்றேன்.

அவர் பாடுதான் திண்டாட்டம். பான் போட்டுக்கொண்டு லைனுக்குள் நுழைந்தால் பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். கன்னியம்மா அக்கா நடுத்தெருவில் நிறுத்தி, "ஊட்ல ஒரு சீக்காளிய வெச்சிக்கினு நீ இப்படி வந்து நிக்கறியே, நீயெல்லாம் ஆம்பளயா? அந்தப் பொண்ணு எப்படி அடக்கிக்கினு கீது பாரு, அதப் பாத்தாவது புத்தி வர வேணாம்?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

வியாழக்கிழமைகளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, குழந்தையையும் எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உத்தமப் புருஷனாக உட்காருவார். நான் எழுந்து, இந்த வாரமும் குடிக்கவில்லை என்பேன். பொய் இல்லையே! எல்லாரும் கை தட்டுவார்கள். அவரும் தட்ட வேண்டும். மற்றவர்கள் தடுக்கி விழுந்தார்கள், அழுதார்கள், மறுபடி எழுந்தார்கள். நான் ஒருத்திதான் ஒரே நாளில் ஆறு கிளாஸை விட்டுவிட்டு, கை நடுங்காமல் உட்கார்ந்திருந்தேன். துரைக்கு என்னைப் பார்த்தால் கண் கலங்கும். எனக்குத் தரை பிளக்காதா என்றிருக்கும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் பஸ்ஸில் ஒத்திகை பார்ப்பேன். வாசலில் துரை சிரித்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வியாழன் ஷிண்டே தன் கதையைச் சொன்னார். பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒரு நாள் போதையில், கோயில் பிரசாதம் மாதிரி டிக்கெட்டைக் கிழித்து எல்லாருக்கும் சும்மா கொடுத்தாராம். வேண்டாம் என்றவர்களைத் திட்டி வாங்க வைத்தாராம். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். வேலை போன பிறகு பெண்டாட்டி பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போனதே தனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றார் அதே சிரிப்போடு. அப்போது யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, கிர்க்கி வரும் வரை என்னிடம் திருப்பித் தரவில்லை.

பதினோராவது வாரம் ஒரு புது ஆள் வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும், மராத்திப் பெண். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அப்படியும் டீ தளும்பிப் புடவையில் சிந்தியது. துரை பெருமையோடு அவளை என்னிடம் அழைத்து வந்தார். "ராஜம்மாவைக் கேள். இங்கே இவளைப்போல விட்டவர்கள் யாரும் இல்லை."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நடுக்கம் என் தோள் வரை வந்தது. "மகளே, எப்படி விட்டே? உடம்பெல்லாம் உதறுதே, அப்போ என்ன பண்ணினே? எனக்குச் சொல்லிக் கொடு. எனக்கு வேறு யாரும் இல்லை" என்று இந்தியில் கேட்டாள்.

அதுவரை என் வாயை மூடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இவளுக்கு என்ன சொல்வேன்? வெறும் கையை அவளிடம் கொடுத்துவிட்டு நின்றேன். கண்ணீர் மட்டும் கொட்டியது. அதையும் கூட்டம் பக்தியோடு பார்த்தது.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அவருடைய ஃபேக்டரி இந்தியில், "இவ குடிக்கல. ஒரு நாளும் குடிச்சதில்ல. பாட்டில் என்னுது. ஆறு கிளாஸ் இல்ல, ஆறு என் பேரு" என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "உதறும் தாயி. நாலாவது நாள் ரொம்ப உதறும். நான் வெந்நீரா குடிச்சேன். உக்காந்தா ஆகாது, நடக்கணும். கிர்க்கி பஜார் பூரா நடந்தேன். இன்னிக்குப் பதினேழாவது நாள்" என்றார்.

பதினேழு நாள்! அவர் பாட்டுக்கு வழக்கம்போலப் பான் போட்டுக்கொண்டு நேரம் கழித்து வந்துகொண்டிருந்தார். நான் வழக்கம்போல மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சோறு போட்டுக்கொண்டிருந்தேன். குடிகாரி வேஷத்தில் மூழ்கிப்போனவளுக்கு, வீட்டில் இருந்த நிஜக் குடிகாரர் விட்டது தெரியவில்லை.

டிசோசா துரை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அந்தப் பதினொரு வாரத்தில் அவர் முழுசாகத் திருத்திய ஒரே ஆள் நான்தான். "ராஜம்மா, உன்னைப் பற்றி பம்பாய்க் கூட்டத்துக்கு இரண்டு பக்கம் எழுதிப் போட்டுவிட்டேனே" என்றார் பரிதாபமாக. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, என் வீட்டுக்காரரிடம், சரி, முதலிலிருந்து ஒழுங்காகச் சொல், பெயரைச் சொல்லி ஆரம்பி என்றார். அவர் சொன்னார். இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம்.

அடுத்த வருஷம் கணபதி திருவிழா சமயத்தில் ஒரு தடவை சறுக்கினார். மறு வியாழனே போய் அதையும் எழுந்து சொன்னார். கேட்டில் மூன்றாவது தடவை அவரை யாரும் நிறுத்தவில்லை. அதே லைன் வீட்டிலிருந்துதான் பென்ஷனோடு வெளியே வந்தோம். அந்த மராத்திப் பெண் அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்து போகிற அளவுக்கு ஆனாள்.

ஆனால் என் மானம் திரும்பி வரவில்லை. நடந்ததை அவரே லைனில் சொன்னார், வேலை நிலைத்த பிறகு. யாரும் நம்பவில்லை. "பொண்டாட்டி மானத்தக் காப்பாத்தப் பழியத் தன் தலையில போட்டுக்கினாரே, இப்படி ஒரு புருசன் யாருக்குக் கெடைக்கும்!" என்று கன்னியம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் பெருமைதான் இன்னும் ஏறியது.

ரேவதிக்கு வரன் பார்த்தபோது வேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். லைனில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். எல்லாம் பேசி முடித்து, வெற்றிலை மாற்றும் நேரத்தில், மாப்பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்க. பொண்ணோட அம்மாவுக்கு முன்னாடி கொஞ்சம் பழக்கம் இருந்துதாமே?" என்றார்.

நான் உள்ளே காபித் தட்டோடு நின்றேன். இப்போது என் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்வார், வாய் நிறையச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இருந்திச்சிங்க. நான்தான் கூடவே போயி, சொல்லிச் சொல்லி நிறுத்தினேன்."

அந்தக் கல்யாணம் நடந்தது. சம்பந்தியம்மாவுக்கு அவர் மேல் ரொம்ப மரியாதை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் இப்போது ரேவதி வீட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளை தங்கமானவர். எனக்கு இருமல் வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் மருந்து வாங்கி வருவார். மூடியில் அளந்து, அவர் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். பாட்டிலை மட்டும் இன்றுவரை என் கையில் தந்ததில்லை.